பத்து மில்லி

அளவுக் குவளையில் இன்று பால் இல்லை.
மெத்தனால் எழுபத்தைந்து,
விளக்கெண்ணெய் இருபது,
நைட்ரோமீத்தேன் ஐந்து.
ஜன்னலைத் திறந்து வைத்தேன். அடுப்பை அணைத்தேன்.
அணைத்தேனா என்று மூன்றாம் முறையும் போய்ப் பார்த்தேன்.

பழைய டப்பாவில் திவதாரின் கையெழுத்து:
நைட்ரோ பத்து. குறைக்காதே, ஷரோல்தா.
பதினொரு வருடம் குறைக்கவில்லை.
அவன் போய் இரண்டு வருடம் ஆகிறது.
செத்துப்போகவில்லை, சொம்பத்ஹேய்க்குப் போனான்.
அங்கே ஒரு பல் மருத்துவரோடு நன்றாக இருக்கிறான்.
டப்பாவைத் திருப்பிக் கேட்கவில்லை.

பத்தில் எஞ்சினுக்கு ஒரு வீம்பு.
ஏறும்போது கத்தும்,
இறங்கும்போதும் கத்தும்.
ஐந்தில் அது எப்படிப் பேசும் என்று
கேட்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான்.

செயற்கை எண்ணெய் சட்டையில் ஒட்டாது என்பார் புல்ச்சூ.
அவர் விமானமும் மீசையும் எப்போதும் துடைத்து வைத்ததுபோல் இருக்கும்.
நான் பேருந்துப் பணிமனைக்காரி.
சூடேறிய பிஸ்டன் என்ன செய்யும் என்று தெரிந்தவள்.
எரிகிற நேரத்திலும் இரும்பைக் கைவிடாத எண்ணெய்தான் வேண்டும்.
சட்டை நாறட்டும்.

இதில் ரேடியோ கிடையாது.
இருபது மீட்டரில் இரண்டு எஃகுக் கம்பி,
முனையில் ஒரு கைப்பிடி.
மேலே என்று சொல்லலாம், கீழே என்று சொல்லலாம்.
நில் என்று சொல்ல முடியாது.
அதைத் தரையிலேயே
ஊசிக்குழாயில் அளந்து
முன்கூட்டியே ஊற்றிவிட வேண்டும்.

"நைட்ரோ குறைந்தால் குடிப்பதும் குறையும்" என்றார் காஸ்மேர்,
"நூற்று முப்பது போதும்."
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோடுகளைப் பார்த்தேன்.
நூற்று முப்பது.
சரிதான்.
ஆனால் போன மே மாதம்
தலைக்கு நேர் மேலே, நாலிலைக் கோலத்தின் உச்சியில்
எஞ்சின் சட்டென்று வாயை மூடியதும்,
கம்பி தொய்ந்ததும்,
ஒரு குளிர்காலம் முழுக்கத் தேய்த்த பால்சா
என்னை நோக்கியே விழுந்ததும்.
காஸ்மேர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார்.
பத்து மில்லி சேர்த்தேன்.

பேச் நகரத்து வட்டத்தில் காற்று இல்லை.
ஐந்தில் எஞ்சின் பேசியது:
சமதளத்தில் முணுமுணுப்பு,
மூக்கைத் தூக்கினால் குரல் இறுக்கம்,
இறங்கியதும் மறுபடி முணுமுணுப்பு,
யாரோ பக்கத்து அறையில் கணக்குப் போடுவதுபோல.
சதுரங்களுக்கு மூலை இருந்தது.
எட்டுகளுக்கு இடுப்பு இருந்தது.
நாலு இலையும் விரிந்து மூடின.
எல்லாம் முடிந்தது,
எரிபொருளைத் தவிர.

சுற்றினேன்.
மலை, தண்ணீர்த் தொட்டி, காபி வண்டி, காஸ்மேரின் மஞ்சள் தொப்பி,
மலை, தொட்டி, வண்டி, தொப்பி.
நடுவர் ஒர்ஷொல்யா கடிகாரத்தைப் பார்த்தார்.
மலை. தொட்டி.
தீர்ந்து போ, தீர்ந்து போயேன்.
வண்டி. தொப்பி.
ஏழு நிமிடம்.
ஒர்ஷொல்யா பேனாவை மூடினார்.
இனித் தரையிறங்குவதற்கு மதிப்பெண் இல்லை.

மலை, தொட்டி.
யாரும் எதையும் குறிக்காத அந்த ஒன்பது சுற்றில்தான்
காது கொடுத்துக் கேட்டேன்.
நன்றாகத்தான் பேசுகிறது.
பிறகு ஒரு செருமல், ஒரு துள்ளல்,
அப்புறம் காற்றின் சத்தம் மட்டும்.
சக்கரம் தரையைத் தொட்டது எனக்கே தெரியவில்லை.
இந்த வருடத்தின் மிக நல்ல தரையிறக்கம். சுழியம்.

இறக்கையில் வழிந்த எண்ணெயைத் துடைத்தபடி
"பத்து மில்லி" என்றார் காஸ்மேர்.
"ஆமாம்" என்றேன்.

இரவு, டப்பாவில் எழுதப் பார்த்தேன்.
எண்ணெய் பட்ட தகரத்தில் பேனா வழுக்கியது.
ஆணியால் கீறினேன்:
நைட்ரோ ஐந்து.
நூற்று முப்பத்து மூன்று.
அந்த மூன்று, பயத்துக்கு.